ஆறாம் நம்பர் கிடாவின் வலது பின்னங்கால்

கொட்டகைப் படலை ஆர்த்தி காலால் எட்டி உதைத்தாள். படல் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. உள்ளே இரண்டு கறுப்புக் கிடாக்கள் நிற்க வேண்டும். இரண்டு கயிறுகள்தான் கிடந்தன. புழுக்கையில் ஈரம் காயவில்லை. சற்று முன்புதான் யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு ஊரில் காப்புக் கட்டிவிடுவார்கள்.

படலைத் தூக்கி நிறுத்தக்கூட நேரமில்லை. மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கி ஓடினாள். தோளுயரச் செடிகள் முகத்தில் அடித்தன. ஓரிடத்தில் வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து ஓடினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எரிய வேண்டும். எரியவில்லை. பதினாலு மாதமாக அவளுக்கு எதுவும் உடனே எரிவதில்லை.

கொல்லிமலையில், பைல் நாட்டின் ஓரத்தில் முப்பது வீடுகள் கொண்ட ஊர் அது. மாசியில் கருப்பனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாளைக்குக் கட்டுத்தான். கிடா வெட்டு முடிகிறவரை ஊருக்குள் இருக்கிற ஆளும் சரி, ஆடு மாடும் சரி, எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. ஊருக்குள் வேறு ரத்தம் சிந்தவும் கூடாது. கோழி அறுக்க மாட்டார்கள். ஆண்கள் முகச்சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார்கள். காப்பு வெள்ளிக்கிழமை என்றுதான் ஆர்த்திக்குச் சொல்லியிருந்தார்கள். பூசாரி வீட்டில் ஏதோ காரணமாம், செவ்வாய்க்கு மாற்றிவிட்டார்கள். அன்று காலை செம்மேட்டு டீக்கடையில் போண்டா தின்னப் போன டிரைவர் சுபாஷ் அதைக் கேள்விப்பட்டு, கடித்த போண்டாவோடு ஓடிவந்து சொன்னான்.

அவளுக்கு வேண்டியது ஆறாம் நம்பர் கிடா. அதன் வலது பின்னங்காலில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருப்பது அதன் எலும்பு இல்லை. அவள் வைத்த எலும்பு.

ஆர்த்தி கால்நடை டாக்டர். சேலத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. விபத்திலும் நோயிலும் எலும்பு போன இடத்தில் வைப்பதற்கு அங்கே எலும்பு செய்துகொண்டிருந்தார்கள். எலும்பில் இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்தை மாவாக்கி, பிரிண்டரில் அடுக்கடுக்காக வார்த்து, உள்ளே முழுக்கச் சதுரத் துளைகளாக ஒரு கட்டை. கட்டை செய்வது பெரிய காரியமில்லை. அதற்குள் ரத்தம் போக வேண்டும், அதுதான் காரியம். பக்கத்து எலும்பிலிருந்து ரத்தக்குழாய் முளைத்துத் துளைக்குள் நுழைந்தால் அது எலும்பு. நுழையாவிட்டால் காலுக்குள் வைத்துத் தைத்த ஓட்டாஞ்சில்லு.

நுழைய வைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆட்டின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து உயிர்ச்செல்களைப் பிரித்துக் கட்டையில் விதைப்பது. ஆறு கிடாக்கள் வாங்கினார்கள். ஒற்றைப்படை நம்பர்களுக்கு வெறும் கட்டை, இரட்டைப்படைக்கு விதைத்த கட்டை. தட்டையான இடத்தில் கட்டிப்போட்டால் ஆட்டுக்கால் சோம்பிப் போகும், ஏறி இறங்கினால்தான் எலும்புக்கு வேலை இருக்கும் என்று கொல்லிமலையில் கொட்டகை போட்டார்கள். பார்த்துக்கொள்ள இந்த ஊர்க் காத்தானையும் அவன் மனைவி முனியாயியையும் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

பதினாறு வாரம் ஆனதும் ஒவ்வொன்றாக மருந்து கொடுத்துக் கொன்று, ரத்தக்குழாய்களில் மஞ்சள் ரப்பர்ப் பால் ஏற்றி, எலும்பைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் மூன்றும் கறுப்பு, கட்டைக்குள் ரத்தம் போகவில்லை, எதிர்பார்த்ததுதான். இரண்டில் குழாய்கள் நடுவரை போயிருந்தன. நான்கில் கால்வாசியில் நின்றுவிட்டன. ஆக, தீர்ப்பு ஆறின் காலில் இருந்தது. ஆறிலும் ரத்தம் போயிருந்தால் மூன்றுக்கு இரண்டு. இந்த வெள்ளிக்கிழமை கூடுகிற கமிட்டி, மனிதருக்கு வைத்துப் பார்க்க அனுமதி கொடுத்துவிடும். அடுத்து கமிட்டி கூட ஆறு மாதம் ஆகும்.

அந்த முதல் மனிதர் யார் என்பது ஆர்த்திக்குத் தெரியும். தம்பி பிரவீன். பதினாலு மாதம் முன்பு நாமக்கல் பைபாஸில் டிப்பர் லாரி ஏறி, கீழ்க்கால் எலும்பில் ஆறு சென்டிமீட்டர் போய்விட்டது. இரண்டு முறை இடுப்பெலும்பை வெட்டி வைத்தார்கள், இரண்டு முறையும் சீழ் வைத்தது. காலைச் சுற்றி இரும்பு வளையங்களோடு சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தான். சனிக்கிழமைக்கு மேல் காலை வைத்திருக்க முடியாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அனுமதி வந்தால் புது எலும்பு. வராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்.

இதை அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கத்தி அவள் கையில் இருக்காது. சொந்த ரத்தத்துக்காக முடிவைத் திருத்திவிடுவாள் என்று வேறு ஆளைப் போடுவார்கள். மலையிலும் சொல்லவில்லை. எங்கும் சொல்லாமல் இருந்து இருந்து, இப்போது சொல்ல நினைத்தாலும் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தாள்.

மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே முனியாயி எதிரே வந்தாள். தலையில் விறகு.

"அக்கா, ஆடு எங்க? அண்ணன் எங்க?"

முனியாயி விறகை இறக்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. நாளைக்குத்தானே வருவதாகச் சொன்னீர்கள் என்று கேட்டாள். காப்பை மாற்றியதை ஏன் சொல்லவில்லை என்று ஆர்த்தி கேட்டதற்கு, மேட்டில் சிக்னல் இல்லை என்றாள். அவர் மேலே, கோயில் பக்கம் மேய்க்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள்.

"எப்ப வருவாரு? பத்து மணிக்கு மேளம் அடிச்சா அந்த ஆட்ட நான் தொட முடியாது."

"வாரேன்னுதானுங்க போனாரு. நீங்க கல்லுக்கிட்டப் போயி நில்லுங்க கண்ணு. கொண்டாந்து குடுப்பாரு."

வேறு வழியில்லை. எல்லைக் கல்லுக்கு அப்பால் ஜீப்பை நிறுத்திவிட்டு சுபாஷ் பானெட்டில் சாய்ந்து நின்றான். மணி ஒன்பது நாற்பத்தைந்து. ஒன்பது ஐம்பது. தூரத்தில் மேளத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டது.

"மேடம், இந்தப் பக்கம் வந்து நின்னுக்குங்க," என்றான் சுபாஷ். "காப்புக் கட்டுறப்ப நீங்க கல்லுக்கு உள்ள இருந்தீங்கன்னா எட்டு நாளு களி திங்கணும். ஆட்டுக்கு வந்த டாக்டர் ஆடாட்டம் மாட்டிக்குவீங்க."

அவள் நகரவில்லை.

ஒன்பது ஐம்பத்து நான்குக்குக் காத்தான் வந்தான். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. தோளில் கறுப்புக் கிடா. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. முப்பது கிலோ கிடாவைத் துண்டு போல் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கியிருந்தான். கல்லைத் தாண்டி ஜீப் பக்கம் வந்து கிடாவை இறக்கினான். அவள் கேட்பதற்கு முன்பே அதன் காதைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் பில்லை. ஆறு.

பில்லைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ரத்தம்.

"முள்ளு கிழிச்சிருச்சுங்க," என்றான்.

"அஞ்சாம் நம்பர்?"

"அது மேல நிக்குதுங்க. அதுக்குத்தான் இன்னும் ஒரு வாரம் இருக்குங்களே."

இருந்தது. அவள் குனிந்து வலது பின்னங்காலைத் தடவினாள். தையல் தழும்பு, தோலுக்கு அடியில் உலோகத் தகடு, எல்லாம் இருந்தன. சேலத்துக் கறுப்பு இனம், எல்லாம் ஒரே தாய்வழி, ஒன்றுக்கொன்று அச்சு. அவளுக்கு ஆடுகள் நம்பர்கள்தான்.

கிடாவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றியதும் அது காத்தானைப் பார்த்து ஒரு முறை கத்தியது. காத்தான் அதன் நெற்றியில் கை வைத்தான். பிறகு ஆர்த்தியைப் பார்த்து, ஏதோ சொல்ல வருவது போல நின்றான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கல்லைத் தாண்டி உள்ளே போனான். ஜீப் முதல் திருப்பத்தில் திரும்பும்போது மேளம் எழுந்தது.

செம்மேட்டில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறைக் கட்டடத்தில் மேஜை, விளக்கு, பம்பு, மருந்து எல்லாம் தயாராக இருந்தன. மயக்க ஊசி. ரத்தம் உறையாமலிருக்க ஒரு ஊசி. கிடாவின் கண் பாதி மூடியது. அவள் கடைசி ஊசியைப் போட்டுவிட்டு மார்பில் குழலை வைத்துக் கேட்டாள். நின்றதும் நேரம் எழுதினாள். இடுப்புக்குக் கீழே ஓடும் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகி, ரத்தத்தை உப்புத்தண்ணீரால் கழுவி வெளியேற்றி, மஞ்சள் ரப்பர்ப் பாலை ஏற்றினாள். குளம்பின் ஓரம் மஞ்சளாகும் வரை ஏற்ற வேண்டும். ஆயிற்று. கை நடுங்கவில்லை. நல்ல கை என்று அருணாசலம் சார் சொல்வார். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அவர். நல்ல கை என்பது வேறொன்றுமில்லை, அதற்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரவு முழுவதும் ரப்பர் இறுக விட்டு, காலையில் தகட்டைக் கழற்றி எலும்பை எடுத்தாள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவுகளும் இறங்கினாள். சுபாஷ் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தான். நாற்பதாவது வளைவில், பெட்டிக்குள் இருப்பது பிரியாணிக்கு ஆகுமா என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. ரப்பர் ஏற்றியது ஆகாது என்று பதில் சொன்னாள்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் படம் வந்தது.

எலும்பிலிருந்து ஒரு வில்லை அறுத்து, அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, ஸ்கேனரில் சுற்றவிட்டிருந்தார்கள். ரப்பர் ஏறிய குழாய்கள் மட்டும் கணினித் திரையில் வெள்ளையாகத் தெரியும். மேல்முனையில் கிடாவின் சொந்த எலும்பு. அதில் வெள்ளைக் கோடுகள் வேர் போலப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, அடர்த்தியாக இறங்கி வந்தன. கட்டை ஆரம்பிக்கும் இடம் வந்ததும் நின்றன. ஒன்று கூட உள்ளே போகவில்லை. இரண்டு சென்டிமீட்டருக்குக் கறுப்பு. அதற்குக் கீழே மறுபடி வேர்கள்.

அருணாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். படத்தைத் திருப்பச் சொன்னார், திருப்பினாள். தலைகீழாக்கச் சொன்னார், ஆக்கினாள். ரப்பர் சரியாக ஏறியதா என்று கேட்டார். ஏறியிருந்தது, சுற்றிலும் வெள்ளையாக இருப்பதே சாட்சி.

"வெறும் கட்டை வெச்ச மாதிரியே இருக்கேம்மா," என்றார். "விதைச்சதுக்கு அடையாளமே இல்ல."

"ஆமா சார்."

"அப்ப ரெண்டுல வந்தது ஏதோ அதிர்ஷ்டம். மூணுக்கு ஒண்ண வெச்சுக்கிட்டு நான் கமிட்டி முன்னாடி போயி நிக்க முடியாது. மூடிடுவோம்."

அவள் தலையாட்டினாள். படத்தைச் சேமித்தாள். கோப்புக்குப் பெயர் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு என்று அடித்தாள். மேஜையில் டீ ஆடை கட்டிப் போயிருந்தது. அதைக் குடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். பிரவீன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இருபத்தாறு வயது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவள் சோறு ஊட்டி வளர்த்த பையன். அவள் வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுக்கா. மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னா, உம்மூஞ்சி ஒரு வருசமா இப்படித்தான் இருக்கு."

"கறுப்பா இருக்கு."

"முழுசாவா?"

"முழுசா."

அவன் கால் வளையங்களைப் பார்த்தான். ஒரு திருகாணியை விரலால் சுண்டினான். டிங் என்றது.

"சரி," என்றான். "செருப்புக் கடைக்காரன் மட்டும் ஒத்தயாக் குடுக்க மாட்டான். எனக்குப் போறது வலது, இடது கால் போனவன் ஒருத்தனப் பாத்து வெய்யி. பங்கு போட்டுக்கலாம்."

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. தலையணையைச் சரிசெய்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். இட்லி என்றான்.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது, திட்டம் மூடப்பட்டது. அன்று மாலையே பிரவீன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். சாட்சி என்ற இடத்தில் ஆர்த்தி போட்டாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், பத்தரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகப் படிந்திருந்தது. எடுத்ததைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு ஆள் வந்து கேட்டான். வீட்டார் சிலர் கேட்பார்களாம், அடக்கம் செய்வதற்கு. வேண்டாம் என்றாள். பிறகு ஒரு நிமிடம் கழித்து அவனைத் தேடிப்போய், பார்க்கவில்லை, நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள் என்று மறுபடியும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவள் மலையேறினாள். கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். பதிவேடு, மருந்துப் பெட்டி, எடைமேடை. ஐந்தாம் நம்பருக்கு இனி வேலையில்லை, அதை வளர்த்தவர்களிடமே விட்டுவிடு என்று அருணாசலம் சார் சொல்லியிருந்தார். காத்தானுக்கு அந்த ஒரு நல்ல செய்தி இருந்தது.

எல்லைக் கல்லில் வேப்பிலை வாடித் தொங்கியது. காலையிலேயே வெட்டு முடிந்து கட்டு அவிழ்ந்திருந்தது. ஊரே கறிப்புகை. சுபாஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தனக்குக் கோயில் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனான். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

கொட்டகையில் படலை யாரோ நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு கயிறுகளும் சுருட்டி மாட்டியிருந்தன. ஆடு இல்லை. மேய்ச்சலில் இருக்கும் என்று நினைத்தாள். பதிவேட்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

காத்தானும் முனியாயியும் சேர்ந்து வந்தார்கள். காத்தான் நெற்றி நிறையத் திருநீறு. முனியாயி கையில் தூக்குப்போசி. அவள் வாழையிலையை விரித்துச் சாமைச்சோறு வைத்தாள், கறிக்குழம்பை ஊற்றினாள். சாமி கறி, மறுக்கக் கூடாது என்றாள். ஆர்த்தி மறுக்கவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை. திட்டம் முடிந்துவிட்டது, இனிச் சம்பளம் வராது, ஆனால் ஐந்தாம் நம்பர் உங்களுக்கே என்பதைப் பிசைந்துகொண்டே சொல்லி முடித்தாள்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியாயி கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆர்த்தி கறியை வாயில் வைத்தாள். பல்லில் நறுக்கென்றது. கல்லோ என்று துப்பப் போனவள், விரலால் எடுத்துப் பார்த்தாள். கொடுவாள் போட்டுத் துண்டாக்கிய கால் எலும்பு. கட்டைவிரல் கணு அளவு. ஒரு பக்கம் சாதாரண எலும்பு, வழவழவென்று. மறுபக்கம் வெட்டுவாயில் வரிசை வரிசையாகத் துளைகள். அத்தனையும் சதுரம், ஒரே அளவு.

எந்த ஆட்டுக்கும் எலும்பில் சதுரத் துளை இருக்காது.

"அஞ்சாம் நம்பர வெட்டிட்டீங்களா?" என்றாள். கோபமில்லை. தகவலாகத்தான் கேட்டாள்.

காத்தான் மடியில் செருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தான். உலோகத் தகடு, ஆறு திருகாணிகள். கழுவித் துடைத்து வைத்திருந்தான். ஆபீஸ் சாமான், கறி போட்டவரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்தேன் என்று அவள் பக்கத்தில் வைத்தான். அப்புறம் எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டான்.

"அஞ்சு இல்லீங்க டாக்டரம்மா. அஞ்சத்தான் உங்ககிட்டக் குடுத்துட்டேனுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் சொன்னான். ஐப்பசியில் அறுவை முடிந்து மூன்று நாள் ஆறு எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சல். தண்ணீர்கூட இறங்கவில்லை. அவள் சேலத்தில் இருந்தாள், போனில் ஊசி பெயர் சொன்னாள், அதையும் போட்டார்கள். மூன்றாம் நாள் முனியாயி கருப்பனை நினைத்து, இது எழுந்து நாலு காலில் நடந்துவிட்டால் உனக்கே என்று நேர்ந்துகொண்டாள். விடிந்தது. எழுந்து நின்றது. அன்றிலிருந்து அது இவர்களுடைய ஆடு இல்லை, ஆபீஸ் ஆடும் இல்லை. தை மாதத்தில் அவளிடம் கேட்டிருக்கிறான், ஆறுக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துக்கொள்ள முடியுமா என்று. முடியாது என்று சொல்லிவிட்டு அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"நீங்க ஒரு நாளு முன்னாலயே வந்துட்டீங்க. என்ன பண்றதுன்னே தெரியல. ரெண்டு காதுலயும் இருந்தத மாத்திப் போட்டேனுங்க," என்றான். "நம்பருதானுங்களே. ரெண்டு காலயும் ஒரே மாதிரி அறுத்தீங்க, ஒரே மாதிரி வெள்ளக்கட்டய வெச்சுத் தச்சீங்க. நாந்தான் பக்கத்துல நின்னு கால்ப் புடிச்சேன், என்ற கண்ணால பாத்தேன். உங்களுக்கு எது போனா என்னங்க? சாமிக்கு அப்புடி மாத்திக் குடுக்க முடியுங்களா?"

அவன் பார்த்தது சரி. கட்டைகள் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்றில் விதைத்திருந்ததும் ஒன்றில் விதைக்காததும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்.

"நொண்டியச் சாமிக்குக் குடுக்கக் கூடாதுங்க," என்றாள் முனியாயி, மெதுவாக. "அது நொண்டலீங்க கண்ணு. கோயில் மேட்ட அதுவா ஏறுச்சு. தண்ணி தெளிச்சதும் ஒரே துலுக்கு, சாமி ஏத்துக்கிச்சு. ஊரே பாத்துச்சு."

"ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?" என்றான் காத்தான்.

ஆர்த்தி சொம்புத் தண்ணீரை எலும்புத் துண்டின் மேல் ஊற்றினாள். குழம்பும் எண்ணெயும் வழிந்து போயின. பெருவிரலால் வெட்டுவாயைத் தேய்த்தாள். எழுந்து, கொட்டகைக்கு வெளியே வெயிலுக்கு வந்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

வெறும் கட்டை என்றால் துளைகள் வெளுத்துக் கிடக்கும். வெந்தாலும் வெளுப்புத்தான்.

விளிம்பு வரிசையில் துளைக்குத் துளை ஒரு கரும்புள்ளி இருந்தது, வெந்து உறைந்து. இரண்டாம் வரிசையிலும் இருந்தது. மூன்றாம் வரிசையிலும். நகத்தால் ஒன்றைக் கிள்ளினாள், மயிரிழை போல இழுபட்டு வந்தது. கட்டையின் நட்டநடுத் துளை வரைக்கும் ரத்தம் போயிருந்தது.